அகலச் சக்கரமும் ஓட்டுநரின் கையும்

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சந்திரகிரியைக் கடந்து நகரை அடையும்வரை சாலை அகன்று செல்கிறது. அலிபிரியில் மலையடிவாரத்தைத் தாண்டியவுடன் அதன் இயல்பு மாறிவிடுகிறது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம், இடையில் ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகள். திருமலைக்குச் செல்லும் முதல் மலைப்பாதை 1944ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு முன்பு மக்கள் படியேறியோ டோலியில் அமர்ந்தோ மலைமேல் சென்றனர். 1970களில் இரண்டாம் மலைப்பாதை அமைக்கப்பட்டது. இன்று வண்டிகள் இரண்டாம் பாதையில் ஏறுகின்றன, முதற்பாதையில் இறங்குகின்றன. விரைந்து ஓட்டுவதைத் தடுக்கும் பொருட்டு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் குறைந்தபட்சப் பயண நேரமும் வகுக்கப்பட்டிருக்கிறது.

இத்தகைய பாதையில் ஓட்டுநரின் கண் சாலையைப் பார்க்கிறது. கை சாலையைக் கேட்கிறது. ஸ்டீயரிங் எனப்படும் திசைமாற்றி வண்டியைத் திருப்புவதற்கு உதவுவதோடு சாலையின் நிலையைக் கைக்கு உணர்த்தவும் செய்கிறது. தரை வழுக்குகிறதா, சக்கரம் பிடிப்புடன் இருக்கிறதா, வளைவில் வேகம் மிகுந்துவிட்டதா என்பவற்றை அதன் இறுக்கமும் இளக்கமும் அறிவிக்கின்றன. டயரையும் ரிம்மையும் அகலமாக மாற்றினால் இந்த அறிவிப்பும் மாறிவிடும். அது எவ்வாறு மாறுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கட்டை வண்டியிலிருந்து கார் வரை

தெலுங்கில் 'பண்டி' என்றும் தமிழில் 'வண்டி' என்றும் வழங்குவது ஒரே பொருளைத்தான். பழைய கட்டை வண்டியின் மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டப்பட்டிருந்தது. அந்தப் பட்டை குறுகியது. ஆகையால் மணலிலும் சேற்றிலும் எளிதில் புதைந்தது. பின்னர்க் காற்றடைத்த டயர் பூட்டிய 'டயர் வண்டி' வந்தது. அகன்ற டயர் சுமையைப் பரப்பியதால் சக்கரம் புதைவது குறைந்தது. மாடுகளின் உழைப்பும் குறைந்தது. அகலத்தால் நன்மை உண்டு என்பதை உழவர்கள் அன்றே கண்டுகொண்டனர்.

கார்களிலும் டயரின் அகலம் காலந்தோறும் கூடியே வந்துள்ளது. அம்பாசிடர் காரின் டயர் 5.90 அங்குல அகலம் கொண்டது. அதாவது சுமார் 150 மில்லிமீட்டர். 1983ஆம் ஆண்டு வெளிவந்த மாருதி 800 காரின் டயர் அகலம் 145 மில்லிமீட்டர். இன்றைய சிறு கார்களில் 165, 185 ஆகிய அகலங்கள் இயல்பாகிவிட்டன. உயர்ந்த நிலை கொண்ட கார்களில் 215 மில்லிமீட்டர் டயரும் காணப்படுகிறது.

டயர் உற்பத்தி இம்மண்ணுக்கும் புதியதன்று. அன்றைய சித்தூர் மாவட்டத்தில் இருந்து, இன்று திருப்பதி மாவட்டத்தில் அடங்கும் சின்னபாண்டூரில் அப்பல்லோ டயர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை 2020ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. சென்னை திருவொற்றியூரில் 1946ஆம் ஆண்டு பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., இன்று இந்தியாவின் பெரிய டயர் நிறுவனங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது

ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். 185/65 ஆர்15 என்பதை எடுத்துக்கொள்வோம். இதில் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு என்பதைக் காட்டுகிறது. 'ஆர்' என்ற எழுத்து ரேடியல் என்னும் கட்டமைப்பைச் சுட்டுகிறது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில் குறிக்கப்படுகிறது.

இந்த எண்களைக் கொண்டு சக்கரத்தின் முழு விட்டத்தைக் கணக்கிடலாம். 185இல் 65 விழுக்காடு 120.25 மில்லிமீட்டர். மேலும் கீழும் பக்கச்சுவர் இருப்பதால் அதன் இருமடங்கு 240.5. ரிம்மின் விட்டமான 15 அங்குலம் 381 மில்லிமீட்டருக்குச் சமம். இரண்டையும் கூட்டினால் 621.5 மில்லிமீட்டர்.

மாருதி சுசுகியின் ஸ்விஃப்ட் காரில் விலை குறைந்த வகைகளுக்கு 165/80 ஆர்14 டயரும், விலை மிகுந்த வகைகளுக்கு 185/65 ஆர்15 டயரும் பொருத்தப்பட்டு வந்துள்ளன. முதல் டயரின் முழு விட்டத்தைக் கணக்கிட்டால் 619.6 மில்லிமீட்டர் வருகிறது. இரண்டுக்கும் இடையே 2 மில்லிமீட்டர்கூட வேறுபாடு இல்லை. டயர் அகலமாகிறது, ரிம் பெரிதாகிறது, பக்கச்சுவர் தாழ்கிறது. ஆனால் சக்கரத்தின் உயரம் மாறவில்லை. காரை வடிவமைத்த பொறியாளர்கள் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று அறிந்து செய்த மாற்றம் இது.

அஞ்சல் அட்டை அளவு நிலம்

சக்கரம் பெரிதாகத் தோன்றினாலும் அது தரையைத் தொடும் இடம் மிகச் சிறியது. நால்வர் அமர்ந்த ஒரு சிறு காரின் எடை ஏறக்குறைய 1200 கிலோகிராம் எனக் கொண்டால், ஒரு சக்கரம் தாங்கும் சுமை சுமார் 300 கிலோகிராம். டயருக்குள் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.1 கிலோகிராம். சுமையை அழுத்தத்தால் வகுத்தால் தொடுபரப்பு ஏறக்குறைய 140 சதுர சென்டிமீட்டர் என்று தெரிகிறது. இது ஓர் அஞ்சல் அட்டையைவிடச் சற்றே பெரியது. மலைவளைவில் ஒரு குடும்பம் முழுவதையும் பற்றிக்கொண்டிருப்பவை இத்தகைய நான்கு சிறு பரப்புகளே.

டயரை அகலமாக்கினால் இந்தப் பரப்பும் பெருகும் என்று பலர் எண்ணுகின்றனர். சுமையும் காற்றழுத்தமும் மாறாதபோது பரப்பு பெரிதாக மாறுவதில்லை. அதன் வடிவம்தான் மாறுகிறது. முன்பு 14 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் நீளமுமாக இருந்த பரப்பு, அகன்ற டயரில் 16 சென்டிமீட்டர் அகலமும் 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுமாக ஆகிறது. அகலம் கூடியது, நீளம் குறைந்தது. இந்த வடிவ மாற்றமே ஓட்டுநரின் கை உணரும் மாற்றங்கள் பலவற்றுக்கு அடிப்படை.

கைக்கு வரும் செய்தி

வளைவைக் கடந்ததும் ஸ்டீயரிங் தானாகவே நேர்நிலைக்குத் திரும்ப முயல்வதைக் காணலாம். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதற்காரணம் சக்கரத்தின் அமைப்பு. பெரிய கடைகளில் பொருள்களை இட்டுத் தள்ளும் வண்டியின் சிறு சக்கரங்களை உற்றுநோக்கினால், அவை எப்போதும் தம் சுழல்தண்டுக்குப் பின்னால் இழுபட்டு ஓடுவது தெரியும். காரின் முன்சக்கரங்களும் அவ்வாறே அமைக்கப்பட்டுள்ளன. சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளி முன்னால் இருக்கிறது. டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. ஆகவே சக்கரம் பின்னால் இழுபட்டு நேராக விரும்புகிறது.

இரண்டாம் காரணம் ரப்பரின் இயல்பு. வளைவில் டயர் நோக்கும் திசைக்கும் வண்டி நகரும் திசைக்கும் இடையே சிறு கோணம் உண்டாகிறது. தொடுபரப்பின் முன்விளிம்பில் ரப்பர் இப்போதுதான் தரையைத் தொட்டிருப்பதால் அது அதிகம் வளைவதில்லை. பின்னோக்கிச் செல்லச் செல்ல அது பக்கவாட்டில் மேலும் மேலும் இழுபடுகிறது. எனவே பக்கவிசையின் மையம் தொடுபரப்பின் நடுப்புள்ளிக்குப் பின்னால் அமைகிறது. அவ்விசை சக்கரத்தை நேராக்க முயலும் திருப்புவிசையாகி, ஸ்டீயரிங்கில் ஓர் இறுக்கமாகக் கைக்கு எட்டுகிறது.

வேகம் எல்லை மீறும்போது தொடுபரப்பின் பின்பகுதி முதலில் வழுக்கத் தொடங்குகிறது. விசையின் மையம் முன்னோக்கி நகர்கிறது. நேராக்கும் விசை குறைகிறது. இறுக்கமாக இருந்த ஸ்டீயரிங் திடீரென இளகியதுபோல் தோன்றுகிறது. இதுவே டயர் தரும் எச்சரிக்கை. பழகிய ஓட்டுநர் இந்த இளக்கத்தை உணர்ந்தவுடன் வேகத்தை மெல்லக் குறைத்துவிடுகிறார். எச்சரிக்கைக்கும் வழுக்கலுக்கும் இடையே கிடைக்கும் சிறு அவகாசம்தான் அவரைக் காக்கிறது.

அகலம் கூடும்போது நிகழ்வன

அகன்ற டயரின் நன்மைகளை முதலில் காண்போம். உலர்ந்த சாலையில் அது சற்றுக் கூடுதலான பிடிப்பைத் தருகிறது. உராய்வால் எழும் வெப்பத்தையும் பரப்பிவிடுகிறது. பக்கச்சுவர் தாழ்ந்திருப்பதால் அது குறைவாகவே நெளிகிறது. ஆகவே ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் வண்டி காலம் தாழ்த்தாமல் திரும்புகிறது. பந்தயக் கார்களில் அகன்ற டயர்கள் பொருத்தப்படுவது இதனால்தான். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். அப்பந்தயங்களில் 2017ஆம் ஆண்டு பின்சக்கர டயரின் அகலம் 325 மில்லிமீட்டரிலிருந்து 405 மில்லிமீட்டராக உயர்த்தப்பட்டது. ஆனால் அந்தக் கார்களின் ஒவ்வோர் உறுப்பும் அந்த அகலத்துக்கென்றே வடிவமைக்கப்படுகிறது. வீட்டுக் காருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இனி, கையில் தோன்றும் மாற்றங்களைக் காண்போம்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங் கனமாகிறது. ஒரு செங்கல்லைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி நடுவில் பிடித்துத் திருகிப் பார்க்கலாம். பின்னர் அதையே படுக்க வைத்துத் திருகலாம். எடை ஒன்றே ஆயினும் படுத்த செங்கல் எளிதில் திரும்புவதில்லை. அதன் முனைகள் நடுப்புள்ளியிலிருந்து விலகி நின்று தரையை அதிகத் தொலைவு தேய்க்க வேண்டியுள்ளது. அகன்ற தொடுபரப்பும் அவ்வாறே. பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய கார்களில் குறுகிய டயரும் பெரிய ஸ்டீயரிங் வளையமும் இருந்தது இதனால்தான். இன்றைய கார்களில் பவர் ஸ்டீயரிங் இந்தக் கனத்தைப் பெரிதும் மறைத்துவிடுகிறது.

எச்சரிக்கையின் அவகாசம் சுருங்குகிறது. தொடுபரப்பின் நீளம் குறைவதால் பக்கவிசையின் மையம் பின்தங்கும் தொலைவும் குறைகிறது. விறைப்பான தாழ்ந்த டயர் சிறு கோணத்திலேயே தன் பிடிப்பின் உச்சத்தை எட்டிவிடுகிறது. பிடிப்பு கூடுதலாக இருக்கலாம். ஆனால் அது விடுபடும்போது விரைவாக விடுபடுகிறது.

வண்டி சாலைத்தடத்தைப் பற்றி ஓடுகிறது. கருங்கல்லும் மாம்பழமும் ஏற்றிய லாரிகள் ஓயாமல் செல்லும் சாலைகளில் தார் அழுந்தி நீண்ட தடங்கள் உண்டாவது இயல்பு. குறுகிய டயர் அத்தடத்தில் பெரிதும் அலைக்கழியாது. அகன்ற டயரின் ஒரு விளிம்பு மேட்டிலும் மறுவிளிம்பு பள்ளத்திலும் ஏறுவதால் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக இழுக்கப்படுகிறது. ஓட்டுநர் அதைத் திருத்திக்கொண்டே இருக்க நேரிடுகிறது.

கீலும் கதவும்

அகன்ற டயருக்கு அகன்ற ரிம் வேண்டும். கடைகளில் விற்கும் அலாய் வீல்கள் சில, சக்கரத்தைக் காருக்கு வெளியே தள்ளி நிறுத்தும் அமைப்பு உடையவை. பார்வைக்கு அது கம்பீரமாக இருக்கும். ஆனால் சக்கரம் திரும்பும் அச்சுக்கோட்டுக்கும் டயரின் நடுப்பகுதிக்கும் இடையே உள்ள தொலைவு அதனால் மாறிவிடுகிறது.

கதவைக் கீலுக்கு அருகில் தள்ளினால் அது எளிதில் அசைவதில்லை. கைப்பிடிக்கு அருகில் தள்ளினால் சிறு விசைக்கும் அசைகிறது. சக்கரம் அச்சுக்கோட்டிலிருந்து விலக விலக, சாலையின் ஒவ்வொரு குழியும் கைப்பிடியில் தள்ளும் கையைப்போல் ஆகிவிடுகிறது. ஒரு சக்கரம் மட்டும் மணலிலோ நீரிலோ இருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் ஸ்டீயரிங் ஒருபக்கமாக வெட்டி இழுக்கக்கூடும். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த இறக்கத்தில் இது அச்சம் தரும் நிலை. சக்கரத்தைத் தாங்கும் பேரிங்குகளும் விரைவில் தேய்கின்றன. பக்கச்சுவர் தாழ்ந்திருப்பதால் குழியில் விழும் அடி நேரே ரிம்மைத் தாக்குகிறது.

மழைக்காலத்தில்

திருப்பதிப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை மிகுந்த நீரைத் தருகிறது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் மலைப்பாதைகளில் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து தடைப்பட்டது. மழையில் டயரின் முதற்பணி தன்முன் உள்ள நீரை விலக்கித் தரையைத் தொடுவது. அகன்ற டயர் அதிக நீரை விலக்க வேண்டும். வேகம் மிகுந்தால் விலக்க முடியாத நீரின்மேல் டயர் படகுபோல் மிதக்கத் தொடங்குகிறது. அந்நேரத்தில் ஸ்டீயரிங் முற்றிலும் இளகிவிடும். திருப்பினாலும் வண்டி திரும்பாது.

சுவீடன் நாட்டில் பனிமூடிய சாலைகளில் கார்ப் பந்தயம் நடைபெறுகிறது. அங்கே பந்தய வீரர்கள் குறுகிய, ஆணி பதித்த டயர்களையே பூட்டுகின்றனர். குறுகிய டயர் பனியைப் பிளந்து கீழிறங்கிக் கெட்டித் தரையைப் பற்றுகிறது. அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்னும் தமிழ்ப் பழமொழி அங்கும் பொருந்துகிறது.

அளவறிந்து மாற்றுதல்

டயரை மாற்றவே கூடாது என்று கருத வேண்டியதில்லை. எதை நோக்கி மாற்றுகிறோம் என்பதை அறிந்து மாற்ற வேண்டும்.

முதலாவதாக, அந்த வண்டிக்கு நிறுவனம் ஒப்புக்கொண்ட அளவுகளுக்குள் தேர்ந்தெடுப்பது நன்று. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52 தடுக்கிறது. இரண்டாவதாக, சக்கரத்தின் முழு விட்டம் மாறக் கூடாது. 185/65 ஆர்15 டயருக்கு மாற்றாக 205/65 ஆர்15 டயரைப் பூட்டினால் விட்டம் 647.5 மில்லிமீட்டராகிறது. வேகமானி 100 கிலோமீட்டர் காட்டும்போது உண்மை வேகம் முன்பிருந்ததைவிட 4 விழுக்காடு கூடுதலாக இருக்கும். மூன்றாவதாக, டயர் தாங்கக்கூடிய சுமை பழைய டயரின் அளவுக்குக் குறையக் கூடாது. நான்காவதாக, மாற்றியபின் வீல் அலைன்மென்ட் சரிபார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தை அளக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் உரிய அழுத்தம் அங்கே ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். பொத்தான் அழுத்தம் போன்ற இச்சிறு வேலைக்குச் செலவு மிகக் குறைவு.

அகலத்தைவிட முதன்மையானது டயரின் நலம். காரின் டயரில் வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. பள்ளம் தேய்ந்த அகன்ற டயரைவிட, ஆழம் குறையாத குறுகிய டயர் மழையில் பாதுகாப்பானது. காற்றழுத்தம் குறைந்த டயர் எந்த அகலத்ததாயினும் ஸ்டீயரிங்கை மந்தமாக்கிவிடும்.

சக்கரத்தின் தோற்றத்தைத் தெருவில் நிற்போர் காண்கின்றனர். அதன் உண்மையான இயல்பை ஓட்டுநரின் கை மட்டுமே அறிகிறது. வண்டிக்குள் அமர்ந்திருப்போரின் உயிர் அந்தக் கையை நம்பியிருக்கிறது. ஆகவே சக்கரத்தைத் தேர்ந்தெடுப்போர், சாலை சொல்வது கைக்குத் தெளிவாக எட்டுமா என்பதையே முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சொற்பொருள்

திசைமாற்றி – ஸ்டீயரிங்
தொடுபரப்பு – டயர் தரையைத் தொடும் இடம்
பக்கச்சுவர் – ரிம்முக்கும் தரைக்கும் இடைப்பட்ட டயரின் பக்கம்
திருப்புவிசை – ஒரு பொருளைச் சுழலச் செய்யும் விசை
கொண்டை ஊசி வளைவு – ஊசிபோல் மடங்கித் திரும்பும் சாலை வளைவு
அவகாசம் – கிடைக்கும் நேரம்
மந்தம் – சுறுசுறுப்பின்மை

பயிற்சி

1. டயர் அகலமாகும்போது தொடுபரப்பின் வடிவம் எவ்வாறு மாறுகிறது?
2. வளைவில் ஸ்டீயரிங் திடீரென இளகுவது எதை உணர்த்துகிறது?
3. கதவும் கீலும் என்னும் உவமையால் விளக்கப்படும் கருத்து யாது?
4. 175/65 ஆர்14 டயரின் முழு விட்டத்தைக் கணக்கிடுக. (1 அங்குலம் = 25.4 மில்லிமீட்டர்)
5. உங்கள் வீட்டு வண்டி அல்லது பள்ளிப் பேருந்தின் டயரில் உள்ள அளவை எழுதி, ஒவ்வோர் எண்ணின் பொருளையும் விளக்குக.
6. பண்டி – வண்டி போலத் தெலுங்கிலும் தமிழிலும் ஒத்து ஒலிக்கும் ஐந்து சொற்களைத் தொகுத்து எழுதுக.
7. 'அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்' என்னும் பழமொழி உங்கள் படிப்புக்கு எவ்வாறு பொருந்தும்? பத்து வரிகளில் எழுதுக.